பதினான்கு பேரில் முதல்

என் அப்பா யோத்தாம் ஷொங்கா, சுரங்கத்தின் இரண்டாம் வாசலில் இருபத்து நான்கு ஆண்டுகள் காவலாளியாக இருந்தார். மே ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு மருத்துவமனையில் இறந்தார். பக்கவாதம், இரண்டாவது முறை. வயது எழுபத்து நான்கு. அடக்கம் வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. இடைப்பட்ட நாட்களில் நான் தீர்மானிக்க வேண்டியதாகிப்போனது ஒன்றுதான்: டாம்சன் லோம்பேயை அப்பாவின் குழி அருகே விடுவதா, வேண்டாமா.

லோம்பே மாமா அப்பாவின் ஐம்பத்திரண்டு வருட நண்பர். நாங்கள் ங்கோனி இனம், கிழக்கே சிபாட்டா ஊர்ப் பக்கம். அவர் பெம்பா. எங்கள் இரண்டு கூட்டத்துக்கும் எந்தக் காலத்திலோ நடந்த சண்டை முடிந்தபோது, கேலி முறை வந்தது. அவர்கள் எங்களை எலி தின்னி என்பார்கள். நாங்கள் அவர்களைக் குரங்கு தின்னி என்போம். எவ்வளவு கேவலமாகச் சொன்னாலும் முகம் சுளிக்கக் கூடாது. கோபித்துக்கொண்டால் முறை முறிந்தது என்று அர்த்தம். சாவு வீட்டில் குழி வெட்டுவதும், தீ மூட்டுவதும், செத்தவரைப் பெட்டியோடு வைத்துக் கேலி செய்வதும் முறைக்காரர்கள் வேலை. அவர்கள் பேசாத சாவு நாதியற்ற சாவு.

அப்பா எலி தின்றதில்லை. ஏழு வயதில் ஒருமுறை தின்று வாந்தி எடுத்தவர். சோளக்களியும் கருவாடும் போதும் அவருக்கு. லோம்பே மாமாவுக்கும் இது தெரியும். தெரிந்தும் என் சிறுவயது முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டு வாசலில் நின்று ஒரே பேச்சுதான்.

"மச்சான், பொறியில ஏதாவது மாட்டுச்சா? நாலு எலிய குச்சியில குத்திச் சுட்டு வை, எங்களுக்கு வேணாம், நீ தின்னு."

"குரங்குக் குழம்பு ஆறிடப்போவுது, உன் வீட்டுக்குப் போ" என்பார் அப்பா உள்ளே இருந்து. பிறகு இருவரும் உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. சுண்டெலி என்பார். என் பெயர் மிசோஸி.

அவருடைய பேர்போன கேலி ஒன்று உண்டு. ஊர் முழுக்கத் தெரிந்தது. சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜை, மேலே ஒரு அறையில் உட்கார்ந்து நெம்புகோலைப் பிடித்து ஓட்டுபவர் வைண்டர் டிரைவர். லோம்பே மாமா அந்த வேலையில்தான் இருந்தார். "கிழக்கத்தியான்கிட்ட கேஜைக் குடுத்துடாதீங்க. காலடியில ஒரு எலி ஓடுச்சுன்னா லீவரை விட்டுட்டு அது பின்னால ஓடிடுவான். அப்புறம் நம்ம எல்லாரும் ஒரே மூச்சுல கீழ போயிடலாம்." இதைச் சொல்லும்போது எலியைத் துரத்துபவன் போலக் கையைத் தரைக்குக் கொண்டுபோவார். நான் நூறு தடவையாவது சிரித்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அவர் வந்துவிட்டார். மற்ற முறைக்காரர்கள் வருவதற்கு முன்பே சோபாவையும் மேசையையும் வெளியே தூக்கிப் போட்டார், பெண்கள் உட்காரப் பாய் விரித்தார், வாசலில் விறகை அடுக்கினார். எழுபத்து மூன்று வயது அவருக்கு. பத்து மணிக்கு மற்ற பெம்பாக்காரர்கள் வந்து ஆரம்பித்தார்கள். ஒருவர் என்னிடம் துக்கம் கேட்டுவிட்டு, சமையலறையை எட்டிப் பார்த்து, எலி வளைகளை எல்லாம் அடைத்துவிட்டீர்களா, வந்தவர்கள் எதைத்தான் தின்பது என்றார். பெண்கள் சிரித்தார்கள். லோம்பே மாமா மட்டும் வாயைத் திறக்கவில்லை. துக்கம் அடைத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அடக்க அனுமதிக்கு அப்பாவின் அடையாள அட்டை தேவைப்பட்டது. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தேன். அடையாள அட்டை மேலேயே இருந்தது. அதன் கீழே அம்மாவின் இறப்புச் சான்று, என் பட்டச் சான்றின் நகல். அதற்கும் கீழே ஒரு பழுப்பு உறை. சுரங்கம் கைமாறிய தொண்ணூற்று எட்டில் ஆட்களைக் குறைத்தபோது, ஒவ்வொருவருக்கும் அவரவர் கோப்பையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அப்பாவின் கோப்பில் ஏழு தாள்கள் இருந்தன. ஆறு, விடுப்பு விண்ணப்பங்கள். ஏழாவது ஒரு தட்டச்சு அட்டை. தேதி, 1974 மார்ச் 18. தலைப்பு, வைண்டர் டிரைவர் பயிற்சித் தேர்வு.

கண்: சரி. காது: சரி. எதிர்வினை வேகச் சோதனை: பதினான்கு பேரில் முதல். கணக்கு: பதினான்கு பேரில் இரண்டாவது.

குறிப்பு: கிழக்கத்தியர். இப்பகுதியினர் பணியின்போது எலி முதலிய சிறு பிராணிகள் தென்பட்டால் கவனம் சிதறக்கூடியவர்கள் என உடன் பணிபுரிவோர் தெரிவிக்கின்றனர். போர்க்குணம் உள்ளவர்கள். காவல் பணிக்கு ஏற்றவர்.

அட்டையை மூன்று முறை படித்தேன். யாரோ சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். "பதினான்கு பேரில் முதல்" என்பதன் கீழே. பேனா அப்பாவுடையது. வருகைப் பதிவேட்டில் கோடு போட அவர் வைத்திருந்தது.

அப்பா வைண்டர் டிரைவர் வேலைக்கு மனு போட்டிருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் அதே சுரங்கத்தில், கருவிகள் பிரிவில் பொறியாளர். மானி காட்டும் எண் சரிதானா என்று பார்ப்பது என் வேலை. இரண்டாயிரத்து நான்கில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேஜின் ஆழமானியைச் சரிபார்க்க வைண்டர் அறைக்குப் போயிருந்தேன். சுவரில் ஒரு பலகை. உரிமம் பெற்ற டிரைவர்களின் பெயர்களை வருடவாரியாக எழுதியிருந்தார்கள். எழுபத்து நான்குக்குப் பின் முப்பத்தொரு பெயர்கள். ஒன்றுகூடக் கிழக்கத்திப் பெயர் இல்லை. அதற்கு முன் மூன்று இருந்தன. பணியில் இருந்த டிரைவரிடம் காரணம் கேட்டேன். உங்கள் ஆட்களுக்கு லீவர் பக்கத்தில் பொறுமையாக உட்கார வராது, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார். என்னைப் புண்படுத்தச் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார். எலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதற்குள் எலி போய்விட்டிருந்தது. முடிவு மட்டும் நின்றது.

அன்று மாலை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பது நினைவிருக்கிறது. "ஏம்ப்பா நம்ம ஆளுங்களுக்கு வைண்டர் ஓட்ட வரமாட்டேங்குது?"

ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டேன். அப்பாவுக்கு வேலை போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. இன்னும் தினமும் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவார். போட்டுக்கொண்டே, "பழக்கமில்ல" என்றார். அந்த அட்டை அப்போது அவருக்குப் பின்னால் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

ஒரு மானி தவறாகக் காட்டுகிறது என்ற சந்தேகம் வந்தால் இன்னொரு மானியை வைத்து ஒப்பிடுவோம். இங்கே ஒப்பிட எதுவும் இல்லை. வராது என்று சொல்லி ஒருவரைச் சேர்க்கவில்லை. அடுத்த முறை கிழக்கிலிருந்து நால்வர் மனு போட்டபோது பழைய அட்டையைப் பார்த்துச் சேர்க்கவில்லை. அப்புறம் யாரும் மனு போடவில்லை. யாரும் ஓட்டாததால், வராது என்பது நிரூபணமானது. எங்கள் தெருவில் கிழக்கத்திப் பையன்கள் பள்ளி முடித்ததும் வாசல் காவலுக்கும் அதிகாரிகள் வீட்டுத் தோட்டத்துக்கும் போனார்கள். அவர்களைப் பார்த்தவர்கள், பார், இவர்களுக்கு இதுதான் பொருத்தம் என்றார்கள். பத்தாம் வகுப்பில் நான் இயற்பியல் எடுத்தபோது ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, கிழக்கத்திப் பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது, தையல் எடு என்று அக்கறையாகச் சொன்னார். அவர் வைண்டர் அறையைப் பார்த்திருக்கவே மாட்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை டைலேசி அத்தை, அப்பாவின் தங்கை, சிபாட்டாவிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். அழுது முடித்துவிட்டு, குரங்குக் கூட்டம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கேட்டாள்.

புதன்கிழமை காலை குழி வெட்ட ஆட்கள் கிளம்பினார்கள். லோம்பே மாமா மண்வெட்டியை எடுத்தார். நான் வாசலுக்கு வந்து அவர் முன்னால் நின்றேன்.

"நீங்க வேணாம் மாமா. நாளைக்கும் கல்லறைக்கு வரவேணாம்."

எல்லோரும் கேட்டார்கள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுத் தீப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் கேட்காததுதான் எனக்குச் சந்தேகத்தைத் தீர்த்தது.

அத்தை என்னை உள்ளறைக்கு இழுத்துப்போனாள். அட்டையைக் காட்டினேன். அவளுக்கு ஆங்கிலம் வராது. படித்து, அர்த்தம் சொன்னேன். அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"எலியப் போட்டிருக்கான் கடுதாசில" என்றாள். "மெஷின்ல அடிச்சு."

"லோம்பே மாமா சொன்னதத்தான் அடிச்சிருக்காங்க."

"உங்கப்பன் இத எப்பப் பாத்தான்?"

"தொண்ணூத்தெட்டுல. இருபத்தி நாலு வருஷம் முன்னால."

"அதுக்கப்புறமும் அந்தாளு கூடக் குடிச்சானா?"

"சனிக்கிழமை தவறாம."

அத்தை அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்போ உங்கப்பன் முறைய முறிக்கல. நீ முறிக்கிற. முறிச்சுக்கோ, நீதான் மூத்தவ, மத்தவங்க மறுத்துப் பேச முடியாது. ஆனா ஒண்ணு. அவன்கிட்ட கேக்காம முறிக்காத. கேட்டுட்டு முறி."

வீட்டின் பின்புறம், குழாயடியில், லோம்பே மாமாவைக் கூப்பிட்டு அட்டையைக் கொடுத்தேன். கண்ணாடி கொண்டுவரவில்லை. கையை நீட்டி, தள்ளிப் பிடித்துப் படித்தார். குறிப்பு வரை வந்ததும் நிறுத்தினார். பிறகு மீண்டும் முதலிலிருந்து படித்தார்.

"முதலாவதா வந்தானா" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட என் எண்ணை மட்டுந்தான் சொன்னாங்க. நான் ஒன்பதாவது."

அவர் சொன்னதை நான் சுருக்கித் தருகிறேன். பயிற்சி அலுவலகத்துக்கு வெளியே பதினான்கு பேரும் வரிசையில் நின்றார்கள். அப்பா அவருக்கு முன்னால். எல்லோருக்கும் நடுக்கம். யாரையாவது சிரிக்கவைக்க வேண்டும் என்று தோன்றியது. எலிக் கேலி அன்றுதான், அந்த வரிசையில்தான் பிறந்தது. கையைத் தரைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். பதின்மூன்று பேரும் சிரித்தார்கள், அப்பாதான் அதிகமாக. ஜன்னலுக்கு உள்ளே அதிகாரி தலையைத் தூக்கினார். வெளிநாட்டிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று குமாஸ்தாவைக் கேட்டார். குமாஸ்தா மேற்குப் பகுதிக்காரர். எங்கள் இரு கூட்டத்தோடும் அவருக்குக் கேலி முறை கிடையாது. சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார்.

"பேனாவ எடுத்ததப் பாத்தேன் சுண்டெலி. என்ன எழுதுறீங்கன்னு கேட்டிருக்கணும். உள்ள போய், ஐயா அது வெளாட்டு, இவன் எனக்கு மச்சான் முறைன்னு சொல்லியிருக்கணும். நாலு எட்டு நடந்தா ஜன்னல்."

"ஏன் போகல?"

"இடம் எட்டுப் பேருக்குத்தான்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அதை இறுக்கினார்.

"அப்புறமும் அதையே ஊரெல்லாம் சொன்னீங்களே, அது எதுக்கு?"

"நிறுத்துனா ஏன் நிறுத்திட்டேன்னு கேப்பான். என்ன சொல்றது? சொல்லிக்கிட்டே இருந்தா அது வெறும் கேலி. நிறுத்துனா அது குத்தம்." அட்டையின் அடிக்கோட்டை விரலால் தடவினார். "தொண்ணூத்தெட்டுக்கு அப்புறம் அவன் பதில் சொல்றத விட்டுட்டான். குரங்குன்னு திட்டமாட்டான். சும்மா சிரிப்பான். வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்."

இதை நான் கவனித்திருக்கிறேன். நானும் வயசு என்றுதான் நினைத்தேன்.

பிறகு அவர் கேட்டது இதுதான்: கல்லறைக்கு வராமல் இருந்துவிடுகிறேன், அதில் நீ சொல்வது நியாயம். ஆனால் இந்த அட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிடு, அவனோடு போகட்டும். நான் முடியாது என்றேன். எரிச்சலாக இருந்தது. அட்டை பூமிக்குள் போய்விட்டால், வைண்டர் அறைப் பலகையில் இருக்கும் முப்பத்தொரு பெயர்கள் மட்டும்தான் மிஞ்சும். பார்க்கிறவன் அதைத்தான் பார்ப்பான்.

அப்போதுதான் முடிவு செய்தேன். யோசித்துச் செய்ததில்லை, வாயில் வந்தது.

"நாளைக்கு வாங்க மாமா. முறைப்படி பேசுங்க. ஆனா இதையும் சேத்துப் பேசணும். ஊர் முன்னால. அந்தக் கேலிய எந்த ஊர்ல சொன்னீங்களோ அதே ஊர்ல."

"சாவுல போய் எப்படி..."

"சாவுலதான் உங்களுக்கு எதுவேணா சொல்ல முறை இருக்கு."

அவர் அட்டையை என்னிடம் கொடுத்தார். வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் போனார்.

வியாழக்கிழமை தேவாலயத்தில் அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தேன். பிறந்த ஊர், வந்த வருடம், தொழில்: சுரங்கக் காவலாளி. ஒரு பக்கம்தான் வந்தது. லோம்பே மாமாவைக் காணவில்லை. கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தபோதும் காணவில்லை. டைலேசி அத்தை என்னைப் பார்க்காமல் நின்றாள்.

பெட்டியை இறக்கக் கயிறுகளோடு குழியருகே போனவர்கள் நின்றுவிட்டார்கள். உள்ளே ஆள் இருந்தது. லோம்பே மாமா குழிக்குள் ஒரு மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் அப்பாவின் காவலாளித் தொப்பி. அதை எப்போது எடுத்துப்போனார் என்று தெரியாது. முறைக்காரர்கள் குழியை மறிப்பது வழக்கம்தான். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

"யாரு அங்க? உள்ள விடமுடியாது. கேட் பாஸ் இருக்கா?" என்றார் உள்ளிருந்து. அப்பாவின் குரல் அப்படியே இருந்தது. "பெட்டியில என்ன? எலியா? இறக்கிவச்சுத் திறந்து காட்டு."

இன்னும் சிரிப்பு. பாதிரியார் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார். லோம்பே மாமா எழுந்து நின்றார். தலை மட்டும் மேலே தெரிந்தது.

"கிழக்கத்தியான் கேஜ் ஓட்டமாட்டான்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கே. அத மொதல்ல சொன்ன குரங்கு யாருன்னு தெரியுமா? இதோ நிக்குது. எழுபத்தி நாலுல, வரிசையில நிக்கும்போது, சிரிக்கவைக்கச் சொன்னது. ஜன்னல் வழியா ஒருத்தன் அத நிசம்னு எழுதிக்கிட்டான். பெட்டியில கெடக்கானே, இவன் அன்னிக்குப் பதினாலு பேர்ல முதல் ஆள். இவன வாசல்ல நிக்கவச்சாங்க. நான் ஒன்பதாவது ஆள். என்னைய மேல உக்காரவச்சாங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற சுரங்கக்காரர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "அப்போ இத்தன வருஷம் எங்கள இறக்கி ஏத்துனது ஒன்பதாவது ஆளா?"

"ஆமா. உயிரோட இருக்கியே, அது உன் நல்ல நேரம்."

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் கபிங்கா நின்றிருந்தான். இப்போது வைண்டர் ஓட்டுபவன், நாற்பது வயது. அவன் உண்மையாகவே குழம்பிப்போயிருந்தான்.

"அப்போ அது பொய்யா மாமா? எனக்குப் பயிற்சியிலயே சொல்லிக் குடுத்தாங்களே."

"உனக்குச் சொன்னவனுக்கு யாரு சொன்னான்னு கேளு. அவனுக்கு யாருன்னு கேளு. கேட்டுக்கிட்டே வா. கடைசியில இந்தக் குழிக்குள்ளதான் வந்து நிப்ப."

முறைப்படி, பெம்பாக்காரன் பேசினால் ங்கோனி பதில் சொல்லியாக வேண்டும். நான் சொல்லவில்லை. அத்தைதான் முன்னால் வந்தாள்.

"வாயால ஒருத்தன வாசல்ல கட்டிப்போட்ட. இப்போ அவன் குழியிலயும் வந்து எடம் புடிக்கிறியா? ஏறு மேல, குரங்கே."

"ஏறமாட்டேன். தூக்கிவிடணும்."

"தூக்கிவிட உன் ஆளுங்க நாலு பேரு நிக்கிறாங்க."

"பெம்பா டிரைவர் வேணாம். அம்பது வருஷமாப் பாத்தாச்சு. கிழக்கத்தி டிரைவர் வேணும்." அவர் என்னைப் பார்த்தார். "எலி ஓடினாலும் கயித்த விடாத ஆளா வேணும்."

பெட்டியை இறக்க வைத்திருந்த கயிற்றில் ஒன்றைக் குழி வெட்டியவன் என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன். ஒரு முனையை உள்ளே போட்டேன். லோம்பே மாமா அதை இடுப்பில் சுற்றிக்கொண்டார். பிறகு கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்து, ஒரு கல்லின் மேல் தட்டினார். மூன்று தட்டு. இடைவெளி. ஒரு தட்டு.

சுரங்கத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் அது தெரியும். மூன்று: ஆள் ஏறியாயிற்று. ஒன்று: மேலே தூக்கு.

காலை மண்ணில் ஊன்றிக்கொண்டு இழுத்தேன். கனமாக இருந்தார். குழியின் சுவரில் கால் வைத்து அவரும் ஏறினார், ஆனால் பாரம் என் கையில்தான் இருந்தது. பாதி வந்தபோது பின்னாலிருந்து ஒரு பெம்பாக்காரி உரக்கக் கத்தினாள்: "எலி! எலி! அதோ உன் காலடியில!"

நான் திரும்பவில்லை. கூட்டம் முழுக்கச் சிரித்தது. டைலேசி அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். லோம்பே மாமாவின் முழங்கை கரைக்கு வந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து மேலே ஏறினார். முட்டியெல்லாம் செம்மண். தொப்பியைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்தார். பிறகு அப்பாவை இறக்கினோம்.

கயிறு இழுத்ததில் வலது உள்ளங்கை உரிந்திருந்தது. ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

மன்னித்துவிட்டாயா என்று அத்தை பஸ் ஏறும்போது கேட்டாள். தெரியவில்லை என்றேன். இப்போதும் தெரியவில்லை. இருபத்து நான்கு வருடம் வாசல், அதற்குப் பின் இருபத்து நான்கு வருடம் அந்த அட்டை. ஒரு காலை நேரத்துப் பேச்சால் இவை ஈடாகாது. கபிங்கா அடுத்த திங்கட்கிழமை வைண்டர் அறையில் இதைச் சொல்லியிருக்கிறான். பாதிப் பேர் நம்பினார்களாம். மீதிப் பேர், இருக்கலாம், ஆனாலும் அவர்கள் கொஞ்சம் அப்படித்தான் என்றார்களாம்.

அடக்கத்துக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, முறைக்காரர்கள் வந்து வாசல் தீயை அணைத்து, சாம்பலை அள்ளி, வீட்டைப் பெருக்கிவிட்டுப் போனார்கள். லோம்பே மாமா கடைசியாக இருந்தார். சோபாவைப் பழைய இடத்தில் போட உதவினார். அப்பாவின் நாற்காலியை எங்கே போடுவது என்று கேட்டார். ஜன்னல் பக்கம் என்றேன்.

போகும்போது வாசலில் நின்றார். அவருடைய சாவுக்கு நான் வர வேண்டும் என்றார். எல்லாவற்றையும் வைத்துத் திட்ட எனக்கு முறை இருக்கிறது, குறைத்துத் திட்டக்கூடாது என்றார். அவர் இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினார்.

"நாளைக்குச் சனிக்கிழமை" என்றார்.

நாற்பத்து நான்கு வயதில் நான் அவரை ஒருமுறைகூடக் கேலி செய்தது கிடையாது. பதில் சொல்வது எப்போதும் அப்பாவின் வேலையாக இருந்தது.

"வாங்க" என்றேன். "வரும்போது குரங்குக் கறி எதுவும் தூக்கிட்டு வந்துடாதீங்க. வீடு இப்பத்தான் பெருக்கியிருக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கருவாடு இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.